தேடும் மாணவருக்கு நம் விடை கிடைக்கட்டும்

பாடத்தில் ஓர் இடம் புரியவில்லை என்றால் இன்றைய மாணவர் முதலில் செய்வது தேடுவதுதான். அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வீடு திரும்பியதும் அவர்களுடைய திறன்பேசியை வாங்கி, நாலைந்து சொற்களைத் தட்டச்சு செய்கிறார். முதலில் வரும் பக்கத்தைத் திறக்கிறார். அதில் இருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். அது சரியா தவறா என்று அந்த நேரத்தில் சொல்ல அருகில் யாரும் இல்லை.

இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்படிக் கிடைக்கும் பக்கங்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன்பின் எவரும் சில நொடிகளில் ஒரு கட்டுரையை உருவாக்கி இணையத்தில் ஏற்றிவிட முடிகிறது. பாடம் தெரியாதவரும் பாடக்குறிப்பு எழுதுகிறார். நம் பள்ளிகளில் பல ஆண்டுகள் கற்பித்துப் பழுத்த ஆசிரியர்களின் குறிப்புகளோ வாட்ஸ்அப் குழுக்களில் படங்களாகவும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளாகவும் முடங்கிக் கிடக்கின்றன. தேடும் மாணவரின் கண்ணில் அவை படுவதே இல்லை.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். இலக்கணப் பாடக்குறிப்புகளைப் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றி வருகிறேன். அவற்றை மாணவர்கள் தேடலில் எளிதாகக் காணும்படி அமைக்கச் செயற்கை நுண்ணறிவு எழுத்துக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை. ‘எஸ்.இ.ஓ.’ என்று வணிக உலகம் சொல்லும் தேடுபொறி உகப்பாக்கத்தைத்தான் நாம் நம் வகுப்பறைக்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ‘ஆகுபெயர்’ குறிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பிற பாட ஆசிரியர்கள் தம் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தேடுபொறி என்ன செய்கிறது?

தேடுபொறியின் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதலில், அதன் நிரல் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குச் சென்று பக்கங்களைத் திரட்டுகிறது. அடுத்து, எந்தப் பக்கத்தில் எந்தச் சொற்கள், எந்தப் பொருள் என்று அட்டவணைப்படுத்துகிறது. ஒரு பெரிய நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றது இது. மூன்றாவதாக, ஒருவர் தேடும்போது அட்டவணையில் பொருந்தும் பக்கங்களை எடுத்து, பயன்படக்கூடியவை மேலே வருமாறு வரிசைப்படுத்துகிறது.

1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாகக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தனர். இன்று இணைப்புகளோடு வேறு பல கூறுகளும் சேர்ந்து வரிசையை முடிவு செய்கின்றன.

இதிலிருந்து நமக்கு ஒரு முதல் பாடம் கிடைக்கிறது. தேடுபொறி படிக்க முடியாத எழுத்து, தேடலில் வருவது கடினம். கையால் எழுதிப் படம் எடுத்த குறிப்பு, எழுத்துகளாக வாசிக்கப்படும் உரைக்கு ஈடாகாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைதான். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதே முதல் வேலை. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறியுள்ளனவா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

மாணவர் சொல்லும் பாடநூல் சொல்லும்

என் பழைய குறிப்புகளுக்கு ‘இலக்கணம் – இயல் 7’ என்பது போன்ற தலைப்புகளே இருந்தன. பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது போதும். மாணவர் அப்படித் தேடுவதில்லை. அவர் எப்படித் தேடுகிறார் என்பதை அறிய நான் வகுப்பில் செய்தது எளிய ஒரு செயல்பாடு.

ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். “ஆகுபெயர் பாடத்தில் ஐயம் வந்தால் திறன்பேசியில் என்ன தட்டச்சு செய்வீர்கள்? அப்படியே எழுதுங்கள். பிழை பற்றிக் கவலை வேண்டாம்” என்றேன். வந்தவை பல வகை. ‘ஆகுபெயர் என்றால் என்ன’, ‘ஆகு பெயர் வகைகள்’, ‘ஆகுபெயர் எத்தனை’, ‘மல்லிகை சூடினாள் எந்த ஆகுபெயர்’, ‘ஆகுபெயர் அன்மொழித்தொகை வேறுபாடு’. சிலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தனர். தட்டச்சு செய்யாமல் பேசியே தேடுபவர்கள் ‘ஆகுபேர்னா என்ன’ என்று எழுதியிருந்தனர்.

இந்தத் தாள்களே தேடுபொறி உகப்பாக்கத்தின் மூலப்பொருள். வணிக நிறுவனங்கள் பணம் கொடுத்துத் திரட்டும் ‘தேடல் சொற்கள்’ நமக்கு வகுப்பறையிலேயே கிடைத்துவிடுகின்றன. மாணவர் என்ன சொல்லில் கேட்கிறார், பாடநூல் என்ன சொல்லில் விடை வைத்திருக்கிறது என்ற இரண்டையும் இணைத்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது.

தமிழுக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மொழியில் சொல் உருபேற்று வடிவம் மாறும். ஆகுபெயரை, ஆகுபெயருக்கு, ஆகுபெயரின், ஆகுபெயராகும் என்று ஒரே சொல் பல வடிவங்களில் வரும். புணர்ச்சியும் சேர்ந்தால் ‘இடவாகுபெயர்’ என்று ஒருவர் எழுதுவார். ‘இட ஆகுபெயர்’ என்று இன்னொருவர் தேடுவார். தேடுபொறிகள் இவற்றை இணைத்துப் பார்க்க முயன்றாலும், தமிழில் எல்லா இடத்திலும் அது சரியாக நடப்பதில்லை. ஆகவே தலைப்பிலும் துணைத்தலைப்பிலும் சொல்லின் அடிப்படை வடிவத்தை உருபேற்றாமல் ஒருமுறையாவது எழுதிவிடுவது நல்லது. பிரித்து எழுதும் வடிவத்தையும் உரைக்குள் இயல்பாக ஓரிடத்தில் சேர்த்துவிடலாம்.

கருவியிடம் எதைக் கேட்பது?

துண்டுத்தாள்களில் இருந்தவற்றைத் தட்டச்சு செய்துகொண்ட பிறகுதான் நான் செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் திறக்கிறேன். ‘ஆகுபெயர் பற்றி ஒரு கட்டுரை எழுது’ என்று கேட்டால், இணையத்தில் ஏற்கெனவே உள்ளவற்றின் சாயலில் இன்னொரு பக்கம் கிடைக்கும். அதனால் நமக்கும் பயனில்லை, மாணவருக்கும் பயனில்லை. நம் கையில் உள்ளதைக் கொடுத்து, அதன்மேல் வேலை வாங்க வேண்டும். ‘ப்ராம்ப்ட்’ எனப்படும் தூண்டுரைகளில் நான் பயன்படுத்தும் நான்கைத் தருகிறேன்.

1. கேள்விகளைத் தொகுக்க: “நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கீழே உள்ளவை என் மாணவர்கள் ஆகுபெயர் பற்றித் தேடும் தொடர்கள். ஒரே பொருள் உடையவற்றை ஒன்றாகத் தொகுத்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் மாணவர் பேசும் எளிய தமிழில் ஒரு கேள்வி எழுது. விடை எழுத வேண்டாம்.”

2. குறிப்பில் உள்ள இடைவெளியைக் காண: “இது என் பாடக்குறிப்பு. மேலே உள்ள கேள்விகளில் எவற்றுக்கு இதில் விடை இல்லை? எவற்றுக்கு விடை இருந்தும் தெளிவாக இல்லை? பட்டியலாகத் தா. விடையை நீ நிரப்ப வேண்டாம்.”

3. நடையை எளிமையாக்க: “கீழ்க்காணும் பத்தியை 14 வயது மாணவர் ஒருமுறை படித்ததும் புரியும் சிறு தொடர்களாக மாற்று. இலக்கணச் சொற்களை மாற்றாதே. எடுத்துக்காட்டுகளை மாற்றாதே, புதிதாகச் சேர்க்காதே.”

4. தலைப்புக்கு: “இந்தப் பக்கத்துக்கு ஐந்து தலைப்புகள் தா. ஒவ்வொன்றிலும் ‘ஆகுபெயர்’ என்ற சொல் தொடக்கத்தில் வர வேண்டும். மாணவர் கேட்கும் கேள்வி அதில் தெரிய வேண்டும். பக்கத்தில் இல்லாத எதையும் தலைப்பில் சொல்லாதே.”

நான்கிலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். விடை எழுதும் வேலை கருவிக்குத் தரப்படவில்லை. வகைப்படுத்துவது, விடுபட்டதைச் சுட்டுவது, தொடரைச் சுருக்குவது ஆகியவற்றில் கருவி நமக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. குறிப்பாக இரண்டாவது தூண்டுரை மிகவும் பயனுள்ளது. ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டுக்கென்று ஒரு பத்தி என் குறிப்பில் சேர்ந்தது இந்தத் தூண்டுரைக்குக் கிடைத்த பட்டியலால்தான்.

விடை ஏன் ஆசிரியரிடமிருந்தே வர வேண்டும்?

இதை உணர, கருவி தரும் இலக்கண விடைகளைச் சோதித்துப் பார்த்தாலே போதும். இத்தகைய கருவிகள் ஏராளமான உரைகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதைக் கணித்துத் தொடர் அமைப்பவை. இலக்கண விதியை எடுத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு அவை விடை சொல்வதில்லை. அவை பயின்ற உரைகளில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழின் பங்கு மிகக் குறைவு. அதனால் தவறான விடையும் சரியான விடையைப் போலவே தெளிவாக, தயக்கமின்றி வந்து நிற்கிறது. வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு கருவிகளில் நான் கேட்டுப் பார்த்தவற்றில் நான்கு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

‘மல்லிகை சூடினாள்.’ மல்லிகை பூவைக் குறிக்கிறது. பூ ஓர் உறுப்பு. ஆகவே இது சினையாகுபெயர் என்றது கருவி. உண்மையில் மல்லிகை என்னும் முதற்பொருளின் பெயர், அதன் சினையாகிய பூவுக்கு ஆகி வந்துள்ளது. எனவே இது முதலாகுபெயர் என்றும் சொல்லப்படும் பொருளாகுபெயர். ஆகுபெயருக்குப் பெயர் இடுவது எதன் பெயர் ஆகி வந்தது என்பதை வைத்தே. எதைக் குறிக்கிறது என்பதை வைத்து அன்று. ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்பதில் தலை என்னும் சினையின் பெயர் ஆளுக்கு ஆகி வந்தது. இதுவே சினையாகுபெயர்.

‘பொங்கல் உண்டான்.’ பொங்கல் பண்டிகையை நினைத்துக் காலவாகுபெயர் என்று விடை வந்தது. பொங்குதல் என்னும் தொழிலின் பெயர், பொங்கிய உணவுக்கு ஆகி வந்ததால் இது தொழிலாகுபெயர். ‘வற்றல் தின்றான்’ என்பதும் அவ்வாறே.

‘வீட்டுக்கு வெள்ளை அடித்தான்.’ அடித்தல் என்னும் செயலைக் கண்டு தொழிலாகுபெயர் என்றது. வெள்ளை என்னும் நிறப்பண்பின் பெயர் சுண்ணாம்புக்கு ஆகி வந்தது, ஆகவே பண்பாகுபெயர். ஆகுபெயர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதையே கருவி தவறவிட்டுவிட்டது.

‘கார் அறுத்தான்.’ இதில் கார் என்பதை ஊர்தி என்று கொண்டு ஒரு விளக்கம் வந்தது. என் மாணவர்கள் தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்பவர்கள். கார், பிசானம் என்னும் இரண்டு நெல் பருவங்களும் அவர்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்கள். கார்ப்பருவத்தின் பெயர் அப்பருவத்தில் விளைந்த பயிருக்கு ஆகி வந்தது, எனவே காலவாகுபெயர் என்பதை அவர்களுக்கு விளக்க அரை நிமிடம் போதும். நகரத்து மாணவருக்குக் கார் என்றால் ஊர்திதான். அவருக்கு வேறு விளக்கம் வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியரே.

இந்த நான்கிலிருந்து நான் மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைப் பழக்கினேன். எந்தச் சொல் தன் பொருளை விட்டு வேறொன்றைக் குறிக்கிறது? அது முதலில் எதன் பெயர்? இப்போது எதற்கு ஆகி வந்துள்ளது? இரண்டாவது கேள்விக்கான விடைதான் ஆகுபெயரின் வகை. ‘ஊர் சிரித்தது’ என்பதை எடுத்துக்கொள்வோம். சொல், ஊர். முதலில் அது ஓர் இடத்தின் பெயர். இப்போது குறிப்பது அங்கு வாழும் மக்களை. எனவே இடவாகுபெயர். ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்பதில் நூலைச் செய்தவரின் பெயர் நூலுக்கு ஆகி வந்தது. எனவே கருத்தாவாகுபெயர்.

இந்த மூன்று கேள்விகளும், மாணவர் தவறும் இடங்களும் சேர்ந்த பகுதிதான் இப்போது என் பாடக்குறிப்பின் நடுப்பகுதி. வரையறையையும் 16 வகைகளின் பட்டியலையும் எந்தப் பக்கத்திலும் காணலாம். பட்டியலைப் படித்த பிறகும் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது வகுப்பறையில் மட்டுமே தெரியும்.

தேடுபொறி நிறுவனமும் இப்போது இதையே மதிப்பிட முனைகிறது. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்கான கூகுளின் வழிகாட்டியில் நிபுணத்துவம், ஏற்புடைமை, நம்பகத்தன்மை ஆகிய மூன்றோடு ‘அனுபவம்’ என்பதும் 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. எழுதியவர் அந்தப் பொருளோடு நேரடியாகப் பழகியவரா என்று பார்ப்பதே இதன் நோக்கம். பல ஆண்டு கற்பித்தல் என்பது நம்மிடம் ஏற்கெனவே உள்ள முதல். அது பக்கத்தில் தெரியும்படி எழுதினால் போதும்.

பக்கத்தை அமைக்கும் முறை

விடை கையில் இருக்கிறது, கேள்விகளும் இருக்கின்றன. இனி அவற்றை மாணவரும் தேடுபொறியும் எளிதாகக் காணும்படி அடுக்க வேண்டும்.

தலைப்பு: ‘இலக்கணம் – இயல் 7’ என்பதற்கு மாற்றாக, ‘ஆகுபெயர் என்றால் என்ன? வகைகளும் எடுத்துக்காட்டுகளும் – ஒன்பதாம் வகுப்பு தமிழ்’ என வைக்கலாம். திறன்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் பிற்பகுதி வெட்டுப்படும். எனவே முதன்மைச் சொல் முன்னால் வர வேண்டும்.

முதல் பத்தி: ‘தமிழ்மொழி தொன்மை வாய்ந்தது’ என்று தொடங்கி, ஐந்தாம் பத்தியில் விடைக்கு வரும் வழக்கம் இங்கு உதவாது. கேள்விக்கான விடை முதல் இரண்டு மூன்று தொடர்களிலேயே வந்துவிட வேண்டும். காட்டாக: ‘ஒன்றன் பெயர், அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகி வருவது ஆகுபெயர். ஊர் சிரித்தது என்பதில் ஊர் என்னும் இடத்தின் பெயர் அங்குள்ள மக்களைக் குறிக்கிறது. ஆகுபெயர் 16 வகைப்படும்.’ அவசரத்தில் உள்ள மாணவருக்கு இதுவே போதும். விரிவாக அறிய விரும்புபவர் கீழே செல்வார்.

துணைத்தலைப்புகள்: மாணவரின் கேள்விகளையே துணைத்தலைப்புகளாக்கலாம். ‘பொருளாகுபெயருக்கும் சினையாகுபெயருக்கும் என்ன வேறுபாடு?’ என்று இருந்தால் தேடிய மாணவர் தம் கேள்வியையே அங்கே காண்பார். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. எழுதும் செயலியில் உள்ள ‘தலைப்பு’ அமைப்பைப் பயன்படுத்தினால்தான் தேடுபொறி அதைத் துணைத்தலைப்பு என்று அறியும்.

படங்கள்: படம் சேர்த்தால் அதற்கு மாற்று உரை எழுத வேண்டும். ‘படம் 1’ என்பதைவிட ‘மல்லிகைச் செடியும் பூவும் – பொருளாகுபெயர் விளக்கப்படம்’ என்பது பயன் தரும். பார்வைக் குறைபாடு உடைய மாணவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்பதும் இந்த மாற்று உரையைத்தான். தேடலுக்காகச் செய்யும் ஒரு வேலை அவருக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

இணைப்புகள்: ஆகுபெயர்ப் பக்கத்திலிருந்து அன்மொழித்தொகைப் பக்கத்துக்கும், அங்கிருந்து இங்கேயும் இணைப்புத் தரலாம். ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல் ‘அன்மொழித்தொகை விளக்கம்’ என்ற சொற்களிலேயே இணைப்பை வைக்க வேண்டும். ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒருவர் குறிப்புக்கு மற்றவர் இணைப்புத் தருவதும் இருவருக்கும் உதவும்.

எழுதியவர்: எந்தப் பாடத்தை எந்த வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் எழுதியது, எப்போது திருத்தப்பட்டது என்று பக்கத்தின் கீழே ஒரு வரி இருக்கட்டும். நடையைச் சீராக்கக் கருவியின் உதவி பெறப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடலாம். பள்ளியின் பெயரில் வெளியிடுவதாக இருந்தால் தலைமையாசிரியரின் ஒப்புதல் பெற்றே ஏற்ற வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது முதலாவது. ‘ஆகுபெயர், ஆகுபெயர் வகைகள், ஆகுபெயர் விளக்கம், ஆகுபெயர் தமிழ்’ என்று பக்கத்தின் அடியில் அடுக்கும் பழக்கம் இன்னும் சில தளங்களில் இருக்கிறது. கூகுளின் விதிகளில் இது தேடுபொறியை ஏமாற்றும் செயலாகவே கருதப்படுகிறது. பக்கத்தின் நிரலுக்குள் மறைவாகக் குறிச்சொற்களைப் பட்டியலிடும் முறையைத் தான் வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009ஆம் ஆண்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

இரண்டாவது, எண்ணிக்கைக்காகப் பக்கங்களைப் பெருக்குவது. கருவியைக் கொண்டு ஒரே நாளில் எல்லா இயல்களுக்கும் குறிப்பு உருவாக்கிவிட முடியும். செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பக்கமும் ஒதுக்கப்படாது; பயனுள்ளதா என்பதே அளவுகோல் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் விளக்கம் அளித்தது. அதேசமயம், தேடல் வரிசையில் இடம் பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் உருவாக்குவது, மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும் விதிமீறல் என்று 2024 மார்ச்சில் விதியை இறுக்கியது. பருவத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களைச் சரிபார்த்து ஏற்றினாலே நமக்குப் போதும்.

மூன்றாவது, மாணவர் விவரங்கள். பெயர், ஒளிப்படம், மதிப்பெண், எமிஸ் எண், கையெழுத்தோடு கூடிய விடைத்தாள் ஆகிய எதையும் கருவியில் ஏற்றக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. நான் தேடல் சொற்களைத் திரட்டும் துண்டுத்தாளில் பெயர் எழுதச் சொல்வதில்லை. கருவியில் தட்டச்சு செய்வதும் அந்தத் தொடர்களை மட்டுமே.

நான்காவது, பாடநூல் பக்கங்களையோ பிறர் நூல்களையோ அப்படியே எடுத்து ஏற்றுவது. பாடநூல் மாணவர் கையிலேயே இருக்கிறது. அதில் புரியாத இடத்துக்கான விளக்கமே அவருக்குத் தேவை.

வெளியிட்ட பிறகு

புதிய பக்கம் ஏற்றியவுடன் தேடலில் வந்துவிடாது. தேடுபொறி அதைக் கண்டு அட்டவணைப்படுத்தச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். தளத்தின் உரிமையாளர் ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்னும் இலவசச் சேவையில் பதிவு செய்துகொண்டால், தம் பக்கம் என்னென்ன தேடல்களில் காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், சராசரியாக எந்த இடத்தில் வந்தது என்பவற்றைப் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலை நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். என் கவனம் எண்ணிக்கையில் இருப்பதில்லை. மாணவர்கள் தேடிய தொடர்களில் நான் விடை எழுதாத கேள்வி ஏதேனும் உள்ளதா என்றே பார்க்கிறேன். ஒரு பக்கம் பலமுறை காட்டப்பட்டும் யாரும் திறக்கவில்லை என்றால், தலைப்பு அவர்கள் கேட்டதைச் சொல்லவில்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது தலைப்பை மாற்றிப் பார்க்கிறேன்.

இப்பணி வகுப்பறைக்குள்ளும் திரும்பி வர வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். ஆகுபெயர் பற்றி இணையத்தில் கிடைக்கும் மூன்று பக்கங்களை ஆசிரியர் முன்னரே தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் குழுவாக அமர்ந்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கொண்டு அப்பக்கங்களில் உள்ள எடுத்துக்காட்டுகளைச் சோதிக்கட்டும். எந்தப் பக்கத்தில் எழுதியவர் யார் என்று தெரிகிறது, எதில் தெரியவில்லை, இரண்டு பக்கங்கள் முரண்பட்டால் எதை எதனோடு ஒப்பிடுவது என்று பேசட்டும். என் வகுப்பில் இப்படிச் செய்தபோது, இணையத்தில் இருந்த ஒரு விடையைப் பாடநூலைத் திறந்து காட்டி மறுத்தவர், அதுவரை கையையே உயர்த்தாத ஒரு மாணவி. தேடக் கற்ற மாணவருக்குக் கிடைத்ததைச் சோதிக்கவும் தெரிந்துவிட்டால், ஆசிரியர் அருகில் இல்லாத மாலை நேரத்திலும் அவர் ஏமாற மாட்டார்.

குறுவள மையக் கூட்டத்தில் செய்யத்தக்கவை

இதை ஓர் ஆசிரியர் தனியாகச் செய்தால் நீண்ட காலம் ஆகும். குறுவள மையக் கூட்டத்தில் ஒரே பாட ஆசிரியர்கள் கூடும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

1. மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஒரு தலைப்பை ஒவ்வோர் ஆசிரியரும் ஏற்பது.
2. தத்தம் வகுப்பில் துண்டுத்தாளில் தேடல் தொடர்களைத் திரட்டுவது.
3. பழைய குறிப்பை ஒருங்குறிக்கு மாற்றி, கருவியின் உதவியால் விடுபட்டவற்றைக் கண்டறிவது.
4. விடைகளைத் தாமே எழுதுவது. மாணவர் தவறும் இடங்களைச் சேர்ப்பது.
5. வெளியிடும் முன் வேறொரு பள்ளி ஆசிரியர் வரி வரியாகச் சரிபார்ப்பது.
6. ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் இணைப்புத் தருவது. அடுத்த கூட்டத்தில் தேடல் பட்டியலைப் பகிர்வது.

இவற்றில் ஐந்தாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். நம் பெயரில் வெளிவரும் ஒரு தவறான விடை, பெயரில்லாத ஒரு தளத்தில் உள்ள தவறைவிட அதிகம் நம்பப்படும். அரசுப் பள்ளி ஆசிரியர் எழுதியது என்று மாணவர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.